மாப்பிள்ளை டேப்பில் மிச்சமிருந்தது

லண்டன் மாப்பிள்ளையை வாயால் கெடுத்துக்கொண்டவள் என்று எங்கள் ஆட்களிடையே எனக்கு ஒரு பெயர் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் கல்யாண வீட்டுப் பந்தியில் நான் போய் உட்கார்ந்தால், யாராவது ஒரு மாமி பக்கத்து மாமியின் காதில் அந்தக் கதையைப் போடுவது எனக்குத் தெரியும். போடட்டும். ஆனால் அவர்கள் சொல்வது பாதிக் கதை. பெரியவர்களைக் கேள்வி கேட்டாள் என்கிறார்கள்; என்ன கேட்டாள் என்று சொல்வதில்லை. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்திரண்டு வயது. பினாங்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் பெண்கள் வார்டில் நர்ஸாக இருந்தேன். நோயாளிகள் எங்களை ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வருஷத்தில் எத்தனையோ விதமான மழுப்பலைக் கேட்டவள் நான். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டால், போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன் மிஸ்ஸி என்பார். சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். ஒருவர் பதில் சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுவதுதான் மரியாதை என்று அப்போது நினைத்திருந்தேன். அப்படித்தான் வளர்த்திருந்தார்கள்.

அப்பா துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம் எங்களுடையது. வெளியே போனால் பினாங்குத் தமிழ், வாசற்படி ஏறினால் யாழ்ப்பாணத் தமிழ். வெள்ளைக்காரனிடம் அப்பாவுக்குக் கோபமும் உண்டு, மயக்கமும் உண்டு. மயக்கம் கொஞ்சம் கூடுதல். காலையில் லண்டன் வானொலிச் செய்தியைக் கேட்காமல் பல் துலக்க மாட்டார். தான் கண்ணை மூடுவதற்குள் என்னை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. நான் அவருக்கு ஒரே பிள்ளை.

அந்த வருஷம் லண்டனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு நாற்பது வயது, அங்கே ஓர் அலுவலகத்தில் நல்ல உத்தியோகம், அப்பா இல்லை. மாப்பிள்ளையின் சித்தி பினாங்கிலேயே பாயான் பாருவில் மகனோடு இருந்தார். அவர்தான் நடுவில் நின்று பேசினார். நான் அவரை ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். சாதகம் பொருந்திவிட்டது. அம்மா பாசாருக்கு மீன் வாங்கப் போகிற வழியெல்லாம் சொல்லிவிட்டார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். லண்டனில் நான் தொடர்ந்து நர்ஸ் வேலை பார்க்கலாமா என்று. ஆன்ட்டி என் கன்னத்தைத் தடவி, உன்னை மகள் மாதிரிப் பார்ப்போம் என்றார். நான் அதையா கேட்டேன்? ஆனாலும் விட்டுவிட்டேன்.

அப்பா அதற்குள் என் ராஜினாமாக் கடிதத்தைத் தம் பழைய டைப்ரைட்டரில் அடித்து, கார்பன் நகலும் எடுத்து, மேசையில் வைத்துவிட்டார். என் கையெழுத்துதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆன்ட்டி வந்து சம்மதம் வாங்கிக்கொண்டு போனதும் கையெழுத்துப் போட வேண்டும், திங்கட்கிழமை மேட்ரனிடம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கொடுத்துவிட்டால் அந்த வேலை போனது போனதுதான்.

அதற்கு முன்னால் மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டுமே. அந்தக் காலத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் போட்டோ போய் வீடியோ டேப் வந்திருந்தது. மாப்பிள்ளை நடப்பார், சிரிப்பார், வீட்டைச் சுற்றிக் காட்டுவார், காரின் கதவைத் திறந்து மூடுவார். இங்கே பெண் வீட்டார் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்பார்கள். டேப்பைத் திருப்பி அனுப்பினால் வேண்டாம் என்று அர்த்தம், வைத்துக்கொண்டால் சம்மதம். இது யார் போட்ட சட்டம் என்று தெரியாது. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

எங்கள் வீட்டில் வீடியோ டெக் கிடையாது. குயின் ஸ்திரீட் வீடியோ கடை அண்ணன் சனிக்கிழமை மத்தியானம் ஒரு டெக்கை டிரைஷா சைக்கிள் வண்டியில் வைத்துக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். டேப்பைக் கொஞ்சம் ஓட்டிச் சரிபார்த்துவிட்டு, அப்பாவுக்குக் கேட்காமல் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“அக்கா, மாப்பிள்ளை முன்னாடி கொஞ்ச நேரந்தான் வர்றாரு. பின்னாடி பூரா ரெண்டு வெள்ளைக்காரன் உக்காந்து சண்டை போடறானுங்க லா.”

நடந்தது இதுதான். மாப்பிள்ளை யாரிடமோ கேமராவை இரவல் வாங்கி, அவரையே பிடிக்கச் சொல்லித் தம்மைப் படம் எடுத்திருக்கிறார். புது டேப் வாங்கவில்லை. லண்டன் தொலைக்காட்சியில் ஞாயிறு மத்தியானம் வரும் ஓர் அரசியல் பேட்டியை முன்பே பதிவு செய்து வைத்திருந்த டேப்பின் மேலேயே எடுத்துவிட்டார். அவர் முடிந்த இடத்தில் பேட்டி பாதியில் தொடங்கியது.

இதெல்லாம் பிறகுதான் விளங்கியது. சனிக்கிழமை மாலை அப்பா வேட்டி சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா பட்டுச் சேலை கட்டிப் பாயில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை டிவிக்குள்ளிருந்து பார்த்துவிடுவார் என்று நினைத்தாரோ என்னவோ. மாப்பிள்ளை வந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்சம் களைத்த முகம். வாசல், கார், கூடம், சமைக்கிற குசினி, கொல்லைப்புறம், மாடி என்று வரிசையாகக் காட்டினார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், மாப்பிள்ளையின் தாயைக் காணோமே என்று. அவவுக்குப் படமெண்டால் வெக்கம் என்று அப்பா சட்டென்று சொன்னார். பிறகு திரையில் புள்ளிகள் பறந்தன. அதன் பின் கோட்டுப் போட்ட இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. சம்பந்தி வீட்டு டேப்பில் பாதியில் எழுந்தால் மரியாதைக் குறைவு. மாப்பிள்ளையின் மேலதிகாரிகள் அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்கிறார்கள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். அந்த நரைத்த தலைக்காரர் ஏன் இப்படிக் கோபிக்கிறார், பிள்ளை வேலையில் ஏதும் பிழை விட்டுட்டானோ என்று கவலையோடு கேட்டார். அப்பாதான் முதலில் புரிந்துகொண்டார். புரிந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் மாப்பிள்ளையைப் பார்த்தபோது வரவில்லை.

ஒருவர் அமைச்சர், மற்றவர் கேள்வி கேட்பவர். எங்கேயோ சில மருத்துவமனை வார்டுகளை மூடியிருக்கிறார்கள். மூடுவார்கள் என்பது முன்பே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதுதான் கேள்வி. அமைச்சர் அரசாங்கம் கட்டிய புது வார்டுகளைப் பற்றிச் சொன்னார். கேள்வி கேட்பவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். அமைச்சர் நர்ஸுகளைப் புகழ்ந்தார். அவர் தலையாட்டிவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். குரல் உயரவில்லை. கையை நீட்டவில்லை. அமைச்சர் பூசி மெழுகப் பூசி மெழுக, அவர் பொறுமையாக முதல் இடத்துக்கே திரும்பி வந்தார். எங்கள் தொலைக்காட்சியில் அமைச்சர் என்றால் நாடா வெட்டுவார், கை குலுக்குவார். எதிரே ஒருவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து இப்படிக் கேட்பதை நான் பார்த்ததே இல்லை.

“பார் பிள்ளை, மந்திரி எண்டும் பாராமல் கேக்கிறான். இதுதான் ஜனநாயகம்,” என்றார் அப்பா. அதை இரண்டு முறை சொன்னார்.

ஏழாவது முறையோ எட்டாவது முறையோ அந்தக் கேள்வி வந்தபோது அமைச்சர் வாயைத் திறந்தார். டேப் முடிந்துவிட்டது.

ஞாயிறு காலை, கோயிலுக்குப் போய் வந்ததும், அந்தப் பேட்டியை இன்னொரு தரம் போடச் சொன்னார் அப்பா. எனக்கும் ஆசைதான். அம்மா குசினியில் மாலைக்கான பலகாரத்தில் இருந்தார். எனக்கு டெக் பழக்கமில்லை. பின்னால் ஓட்டியதில் அதிகமாக ஓட்டிவிட்டேன். மாப்பிள்ளை மறுபடி குசினியில் நின்றார். அப்பா ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் பார்த்தது மணப்பெண். அன்று காலை பார்த்தது நர்ஸ். குசினித் தொட்டியின் ஓரத்தில் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கோப்பை இருந்தது. மூடி போட்டு மூக்கு வைத்த கோப்பை. எழுந்து உட்கார முடியாதவர்களுக்குக் கஞ்சி புகட்ட நாங்கள் வார்டில் வைத்திருப்பது. கொல்லைப்புறத்தில் ரோஜாச் செடியைக் காட்டினார் மாப்பிள்ளை. பின்னால் துணிக் கொடியில் தவிட்டு நிற ரப்பர் விரிப்பு ஒன்று காய்ந்தது. படுக்கையில் சிறுநீர் போகிறவர்களுக்குக் கீழே விரிப்பது அது. மாடியில் ஒவ்வோர் அறைக் கதவாகத் திறந்து காட்டினார். நிறுத்தி, பின்னால் ஓட்டி, விரல் விட்டு எண்ணினேன். நான்கு அறை. ஐந்து அறை வீடு என்று ஆன்ட்டி எத்தனை தரம் பெருமையடித்திருந்தார்! கடைசிக் கதவின் முன்னால் கேமரா வந்தது, தயங்கியது, திரும்பிவிட்டது.

அந்த வீட்டில் ஒரு நோயாளி இருக்கிறார். அது மாப்பிள்ளையின் தாய். லண்டனில் அவர்களுக்கு மருமகள் தேவையில்லை. சம்பளம் கேட்காத, லீவு கேட்காத, இரவும் பகலும் வீட்டிலேயே இருக்கிற மிஸ்ஸி ஒருத்தி தேவை. அதனால்தான் முப்பத்திரண்டு வயது பெண்ணை ஒரு குறையும் சொல்லாமல் பிடித்துப்போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டெக்கைத் தூக்கி வாசலில் போட்டிருப்பேன், ஆனால் அது இரவல் சாமான். பேசாமல் டேப்பை ஓடவிட்டேன். அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். பேட்டியை மறுபடி பார்த்தோம். அவர் ரசித்தார். நான் கற்றுக்கொண்டேன்.

நான்கு மணிக்கு ஆன்ட்டி வந்தார். தட்டில் வெற்றிலை, பழம், எனக்கு ஒரு சேலை. வழக்கப்படி நான் தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். தேநீர் கொடுத்தேன். பிறகு ஆன்ட்டிக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா கண்ணால் என்னைக் கூப்பிட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்த வீட்டில் ஐந்தாவது அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

ஆன்ட்டி சிரித்தார். அது பெரிய வீடு, குளிர்காலத்தில் எல்லா அறைக்கும் சூடு வரும், உனக்கு ஒரு கஷ்டமும் இராது என்றார். முடிக்கும்வரை கேட்டேன். பிறகு, அது சரி ஆன்ட்டி, ஐந்தாவது அறையில் யார் என்றேன். பிள்ளை குடிக்க மாட்டான், சிகரெட்டுத் தொட மாட்டான் என்றார். நல்லது, அந்த அறையில் யார் என்றேன். அப்பா தொண்டையைச் செருமினார். ஆன்ட்டியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சம்பந்தம் பேச வந்த இடத்தில் பெண் இப்படிக் கதைப்பதை எங்கும் கண்டதில்லை என்றார். நானும் கண்டதில்லை. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“அந்த அறையில ஆர் இருக்கினம் ஆன்ட்டி?” என்று நாலாவது முறை கேட்டேன்.

ஆன்ட்டி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“என்ரை அக்கா. ரெண்டு வருஷமாப் பாரிசவாதம், ஒரு பக்கம் ஏலாது. எல்லாம் படுக்கையிலதான். நீ நர்ஸ் பிள்ளை எண்டபடியால்தானே இவ்வளவு தூரம் வந்து கேட்டனாங்கள்.”

அப்படியென்றால் பேப்பரில் நர்ஸ் தேவை என்று விளம்பரம் போட்டிருக்கலாம், சாதகம் கேட்டிருக்கத் தேவையில்லை என்றேன். ஊரில் இப்போது சுற்றுகிற வாசகம் இதுதான். சொன்னது உண்மை. மறுக்க மாட்டேன். ஆன்ட்டி எழுந்தார், செருப்பை மாட்டினார். சேலையைத் திருப்பி எடுத்துக்கொள்ள மறக்கவில்லை.

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா வாயில் கை வைத்தபடி நின்றார், கண்ணெல்லாம் நீர். படுக்கையில் கிடக்கிற மனுசியை ஒளித்து வைத்தார்களே என்று அவர் புலம்பினார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் படமென்றால் வெட்கம் என்று அவர் சட்டென்று சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்பா, உங்களுக்கு இது முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

வீடு தேடி வந்த மனுசியை இப்படி அனுப்பிவிட்டாயே, இனி எங்கள் ஆட்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். உங்களுக்குத் தெரியுமா அப்பா என்றேன். உனக்கு வயது இருபதில்லை, வருகிறதை எல்லாம் தட்டிக்கழித்தால் என்ன செய்வது என்றார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார். மந்திரி என்றும் பாராமல் கேட்கிறவனை இரண்டு நாளாகப் புகழ்ந்த மனிதர் அவர். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“தெரியுமோ, தெரியாதோ?”

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவர் முகம் மிகவும் வயதாகிவிடும்.

“தெரியும்,” என்றார். “அவ சம்பந்தம் பேச வந்த அண்டைக்கே சொன்னவ. எனக்குப் பிறகு உனக்கு ஒரு வீடு வாசல் இருக்கட்டும் எண்டு நினைச்சன்.”

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், கேட்டிருந்தால் போயிருப்பேன் என்று. அது வீம்புக்குச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத எத்தனை பேருக்குப் பத்து வருஷமாகக் கஞ்சி புகட்டியிருக்கிறேன், மலம் அள்ளியிருக்கிறேன். கட்டிக்கொள்பவரின் தாய்க்குச் செய்வதில் எனக்கு என்ன குறைந்துவிடும்? இப்படி ஒருவர் இருக்கிறார், நீ பார்ப்பாயா என்று ஒரு வார்த்தை, அந்த லண்டன்காரர் கேட்டிருக்கலாம். ஆன்ட்டி கேட்டிருக்கலாம். அப்பா கேட்டிருக்கலாம். என் கைகளைப் பற்றி எல்லாரும் பேசி முடித்தார்கள், என்னிடம் மட்டும் கேட்கவில்லை. அதை நான் அன்றும் மன்னிக்கவில்லை, இன்றும் மன்னிக்கவில்லை.

ராஜினாமாக் கடிதம் கையெழுத்து இல்லாமல் மேசையிலேயே கிடந்தது. திங்கட்கிழமை காலை வழக்கம்போல நர்ஸ் தொப்பியைக் குத்திக்கொண்டு பஸ் ஏறினேன். தோட்டத்து அம்மாவிடம் மாத்திரையைப் பற்றி மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை தலையணைக்கு அடியிலிருந்து ஐந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். டேப்பை அம்மா ஆன்ட்டி வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். அந்த அமைச்சர் பதில் சொன்னாரா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் அப்பா சொன்னார். அதற்காக அவரிடம் எனக்கிருந்த மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனாலும் பல மாதம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

எட்டு வருஷம் கழித்து அம்மா போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் அப்பாவுக்கும் அதே பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. ஒரே பிள்ளை, அதுவும் கல்யாணம் ஆகாதவள், நர்ஸ் வேறு. நான்தான் பார்ப்பேன் என்று டாக்டரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்வரை முடிவு செய்துவிட்டார்கள். வேலையை எப்போது விடுகிறாய் என்றுகூடக் கேட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் அவருக்குத் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தேன். அப்பா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஏதோ சொன்னார், விளங்கவில்லை. குனிந்தேன். மறுபடி சொன்னார்.

“பிள்ளை, நீ பாப்பியோ? ஏலாதெண்டால் ஆள் வைப்பம்.”

நான் தலையணை உறையின் ஓரத்தை இழுத்துவிட்டேன். அப்பா விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, குழறுகிற நாக்கைத் திருப்பித் திருப்பி, அதே கேள்வியை மூன்றாவது முறையும் கேட்டார்.

ஓம் அப்பா, பாப்பன் என்றேன்.